பதினான்காம் படுக்கை

பேனாவை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கைப்பையும் தண்ணீர் பாட்டிலும்கூட வெளியேதான். உள்ளே பென்சில் மட்டும் கொண்டுபோகலாம். இருபத்தெட்டு வருஷம் தமிழாசிரியையாகச் சிவப்புப் பேனா பிடித்த எனக்கு, கையில் ஒரு சின்னப் பென்சிலோடு நின்றது பரீட்சைக்கு வந்த மாதிரி இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நகரத்தில் உள்ள ஒரு கலை அருங்காட்சியகத்தில், தாளில் வரைந்த படங்களை மட்டும் பாதுகாத்து வைக்கும் அறை அது. ஜன்னல் கிடையாது. விளக்கு மங்கலாகத்தான் எரியும். வெளிச்சம் பட்டால் தாள் பழுத்துவிடுமாம். ஏசி குளிருக்கு நான் இரண்டாம் நாளிலிருந்து ஸ்வெட்டர் எடுத்துப் போக ஆரம்பித்தேன். பள்ளியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சும்மா இருந்த எனக்கு, தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த வேலை இது. கோட்டோவியங்களும் அச்சுப் படங்களுமாக ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் வைக்கிற ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதித் தர வேண்டும். நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது.

அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண். நான் அவரை மேடம் என்றேன், அவர் என்னை மேடம் என்றார். கடைசிவரை இரண்டு பேரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பெட்டியைத் திறந்து, மேலே மூடியிருக்கும் மெல்லிய தாளை விலக்கி, படத்தை என் முன்னால் வைப்பார். நான் பார்த்து, குறிப்பைப் படித்து, எழுதுவேன். முடித்ததும் அவரே எடுத்து உள்ளே வைப்பார்.

ஐந்தாம் நாள் ஒரு பெரிய பெட்டி வந்தது. இறந்துபோன ஓர் ஓவியரின் படங்கள் முழுவதையும் அவர் குடும்பத்தார் ஆறு வருஷத்துக்கு முன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். இளம் வயதில் அவருக்குக் காசநோய் வந்து, தாம்பரம் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் படுத்திருந்தாராம். அங்கே கிடைத்த தாளில் எல்லாம் வரைந்து தள்ளியிருக்கிறார். சில படங்கள் நோயாளியின் ஜுரக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் இருந்தன. எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. எங்கள் வீடு செம்பாக்கத்தில். தினமும் மின்சார ரயிலில் அந்த ஆஸ்பத்திரி பெயரிலேயே உள்ள சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வருகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். அப்படியா, அப்போ உங்களுக்கு இதெல்லாம் பழகின இடமா இருக்குமே என்றார். இல்லை, உள்ளே போனதே இல்லை என்றேன்.

மரங்கள், இரும்புக் கட்டில்கள், வராந்தாவில் காயும் மெத்தைகள், எச்சில் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். எல்லாம் சில கோடுகள்தான், ஆனால் இருமல் சத்தம் கேட்பது போல இருந்தது. ஆறாவதாக வந்தது கோட்டோவியம் அல்ல, அச்சுப் படம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பது. இதைத் தமிழில் 'செப்புத்தகட்டு அச்சு' என்று எழுதலாமா என்று அன்று காலைதான் இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வந்திருந்தோம்.

படத்தில் ஒரு பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை. போர்வை மேல் இரண்டு கைகள். சிரிப்பு வருவதற்கு முன்னால் மேலுதட்டால் கீழுதட்டை அழுத்திப் பிடித்திருந்தாள்.

என் அம்மா அப்படித்தான் சிரிப்பாள்.

முதலில் நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். யாரோ ஒருத்தி அம்மா சாயலில் இருக்கிறாளே என்று. பிறகு குனிந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் காது மடல் இரண்டாக அறுந்திருந்தது. அம்மாவுக்கும் காது அறுந்திருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது நான் கம்மலைப் பிடித்து இழுத்து அறுத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் அம்மாவுக்கு அறுந்தது இடது காது. படத்தில் வலது காது. அப்பாடா என்று இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மேடம் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை, தெரிந்தவங்க ஜாடை, ஆனா அவங்களுக்கு இடது காதுதான் அறுந்திருக்கும் என்றேன்.

"அச்சுல எடுத்தா இடம் வலமா மாறிடும் மேடம்," என்றார் அவர். "கண்ணாடில பாக்கற மாதிரி. இதுக்கு முன்னாடி அவர் பென்சில்ல போட்டதும் இருக்கு. இருங்க, காட்டறேன்."

பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கட்டில், அதே போர்வை, அதே பெண், ஆனால் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அறுந்தது இடது காது.

மேடம் தன் போக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பென்சில் படத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது, கைகளும் போர்வையும் கெட்டிப் பென்சிலில் மெல்லிசாகப் போட்டிருக்கிறது, முகம் மட்டும் மிருதுவான பென்சிலில் கருப்பாக இருக்கிறது, இரண்டையும் வேறு வேறு சமயத்தில் வரைந்திருக்க வேண்டும் என்றார். எனக்கு அது காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. அச்சுப் படத்தின் கீழ் ஓரத்தில் ஓவியர் பென்சிலால் தமிழில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். '14-ஆம் படுக்கை. மறுநாள் போய்விட்டாள்.'

அதற்கு எழுதிய ஆங்கிலக் குறிப்பு, நான் மொழிபெயர்க்க வேண்டிய குறிப்பு, இந்தப் பெண் மறுநாள் இறந்துவிட்டதாகச் சொன்னது.

அன்று காலை எட்டு மணிக்கு என் அம்மா எனக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து, ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டியா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்கு எழுபத்தாறு வயது. ரத்தக் கொதிப்பைத் தவிர ஒரு நோயும் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காசநோய் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடம் வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தார். சர்க்கரை குறைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். குறிப்பு எழுதுவதற்காக இரண்டு படங்களையும் செல்போனில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, ஃபிளாஷ் போடாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு மேல் வேலை செய்ய முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. செல்போனை எடுத்துப் பார்ப்பேன், உள்ளே வைப்பேன். கிண்டி தாண்டுகிறபோது என் தமிழ் வாத்தியார் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. 'போய்விட்டாள்' என்றால் செத்துப்போனாள் என்றுதான் அர்த்தமா? குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும் எடுக்கலாமே. ஆங்கிலத்தில் எழுதியவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். பல்லாவரம் வரைக்கும் அந்தச் சமாதானம் தாங்கியது. ஆனால் அப்படியென்றால் அம்மா அந்த ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். எப்போது? காது அறுந்த பிறகு என்றால், நான் பிறந்த பிறகு. சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நான் தலையைத் திருப்பி வெளியே பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா சாப்பாட்டு மேஜையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீக்கிரம் வந்துட்டியே என்றாள். நான் செருப்பைக் கழற்றியதும் செல்போனை அவள் முன்னால் வைத்தேன். முன்னுரை எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினாள். அவள் திடுக்கிடுவாள், அழுவாள், இல்லை என்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"மூக்கை சரியா போடலை," என்றாள். "அப்பவே சொன்னேன் அவர்கிட்ட."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நீதானா என்று கேட்டேன். நான்தான் என்றாள். அந்த ஆஸ்பத்திரியிலா என்றேன். ஆமாம், பதினாறு மாசம் என்றாள். பிறகு மறுபடியும் கீரையை எடுத்தாள். வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்த ஒன்றைச் சொல்கிற முகமாகவே அது இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பது போல இருந்தது.

நான் விடவில்லை. அவள் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். அன்று அது துண்டு துண்டாகத்தான் வந்தது. எனக்கு மூன்று வயதாகும்போது ஒருநாள் டூட்டியில், காதில் ஹெட்போனோடு, அம்மா இருமியதில் கைக்குட்டையில் ரத்தம் வந்திருக்கிறது. யாரிடமும் காட்டாமல் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்ததும் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குக் கல்யாணமாகாத இரண்டு தங்கைகள். அண்ணிக்குக் காசநோய் என்று தெரிந்தால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்ற பயம். ஆபீசில் மட்டும் உள்ளதைச் சொல்லி லீவு வாங்கினாள். சொந்தக்காரர்களிடமும் சர்ச்சிலும், திருச்சியில் டிரெய்னிங் என்று சொன்னார்கள். என்னை வண்டலூரில், கல்யாணமாகிப் போயிருந்த அப்பாவின் அக்கா வீட்டில் விட்டார்கள்.

திருச்சி டிரெய்னிங் எனக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனை தடவை கேட்ட கதை. அம்மா திருச்சியில் இருந்தபோது நீ அத்தை வீட்டில் மாவுச் சட்டியில் விழுந்தாய், அம்மா திருச்சியில் இருந்தபோது உனக்கு அம்மை போட்டது என்று. எங்கள் குடும்பத்தில் திருச்சி என்றால் அந்த வருஷம்தான். அது பொய் என்று அன்று மாலை ஐந்து மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வீட்டில் எப்போதும் உண்டு. அதை வேறு யாரும் தொடக் கூடாது. அவள் என்னைக் கன்னத்தில் முத்தமிட்டு எனக்கு நினைவில்லை, தலையைத்தான் தடவுவாள். சுத்தம் பார்க்கிற ஆள் என்றுதான் நானும் அப்பாவும் கேலி செய்வோம். அப்பாவும் சேர்ந்து கேலி செய்தாரே என்று நினைத்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சரி, மறுநாள் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறாரே, நீ மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாயா என்று கேட்டேன். ரயிலில் நானே கண்டுபிடித்த அர்த்தத்தை அவள் ஒப்புக்கொண்டால் போதும் என்று இருந்தது.

அம்மா கீரையைத் தள்ளி வைத்தாள்.

"பதினாலு நான் இல்லை," என்றாள். "நான் பதினஞ்சு. பதினாலு எனக்குப் பக்கத்துக் கட்டில். அவ செத்துதான் போனா."

அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வட சென்னைப் பக்கம், அரிசி ஆலையில் வேலை பார்த்தவள். கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன வீட்டுக்காரன் திரும்ப வரவே இல்லை. ஆனால் அந்த வார்டில் அவள்தான் கலகலப்பான ஆள். சிஸ்டர் ஊசி போட வந்தால் ஒளிந்துகொள்வாள். ஓவியர் ஆண்கள் வார்டில் இருந்தவர். சாயங்காலம் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு பெண்கள் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து வரைவார். அவரைக் கூப்பிட்டு, என்னை வரை சார் என்று கேட்டதே அவள்தான். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிலை வரைந்தார், போர்வையை வரைந்தார், கைகளை வரைந்தார். முகத்துக்கு வரும்போது அவள் தடுத்துவிட்டாள். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து கிடந்தது. அதை அவள் வரைய விடவில்லை.

"'என் மூஞ்சி இன்னா மூஞ்சி சார், எலும்புதான் கீது. சதை வந்தப்பறம் போடு'ன்னா," என்று அம்மா சொன்னாள். அந்தப் பெண்ணின் பேச்சை அப்படியே சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் குரலைக் கேட்ட காது அவளுக்கு. "அப்புறம் என்னைக் காட்டி, 'இல்லாங்காட்டி இந்த அக்கா மூஞ்சியைப் போட்டுக்கோ. நல்லா கீது'ன்னா. எல்லாரும் சிரிச்சோம்."

மறுநாள் விடிகாலையில் அவள் இறந்துவிட்டாள். அம்மா எழுந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது, மெத்தை வெயிலில் கிடந்தது. அதற்குப் பிறகு ஓவியர் நாலைந்து நாள் பெண்கள் வார்டுப் பக்கமே வரவில்லை. வந்தபோது அந்த முகமில்லாத படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டி, உட்காருகிறீர்களா என்று கேட்டார். அம்மா மூன்று நாள் சாயங்காலம், வேறு யாரும் வராமல் காலியாகக் கிடந்த அந்தப் பதினான்காம் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

செத்தவள் கட்டிலில் உட்கார உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். பயம்தான், ஆனால் அவள் கேட்டிருந்தாளே என்றாள் அம்மா.

அத்தோடு முடிந்திருந்தால் நான் அன்றைக்குத் தாங்கியிருப்பேன். காபி போடலாம் என்று எழுந்து அடுப்படிக்குப் போன நான், போகிற போக்கில் கேட்டேன். பதினாறு மாசம் என்னைப் பார்க்காமல் எப்படி இருந்தாய் என்று.

"பாத்தேனே," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பா உன்னைத் தூக்கிக்கிட்டு வருவாரே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொய்யாப்பழக்காரி உக்காந்திருப்பா. அங்க நிப்பீங்க. நான் கேட்டுக்கு உள்ள நிப்பேன். கிட்ட வரக் கூடாதுல்ல."

எனக்குக் கொய்யாப்பழம் நினைவிருக்கிறது. என் முதல் நினைவே அதுதான் என்று பள்ளியில் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்பா தோளில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தடவிய கொய்யாவைத் தின்றது, பஸ்கள் போனது. அப்பாவுக்கு என் மேல் எவ்வளவு பாசம், பழம் வாங்கிக் கொடுக்கவே வண்டலூரிலிருந்து பஸ் ஏற்றி அழைத்துப் போவார் என்று பெருமையாகச் சொல்வேன். அந்த நினைவில் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கேட் இருந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. பழம் இருக்கிறது, காரம் இருக்கிறது, அப்பாவின் தலைமுடியில் எண்ணெய் வாசனை இருக்கிறது. கேட் இல்லை.

நான் உன்னைப் பார்த்து அழுதேனா என்று கேட்டேன்.

"நீ என்னைப் பாக்கவே இல்லை," என்றாள் அம்மா. "அப்பா கையைக் காட்டிக் காட்டிச் சொல்வார். நீ பழத்தைத்தான் பாத்துக்கிட்டிருப்ப."

குறை சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். நியாயமில்லாத கோபம்தான். நோய் வந்தது அவள் தப்பில்லை, மறைத்தது அந்தக் காலத்து நிலைமை. அப்பாவின் தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, ஒருத்தி போயும் சேர்ந்தாயிற்று. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே. ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். சொல்லக் கூடாது என்று நினைத்து மறைத்தாளா, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தாளா?

மூன்றாம் நாள் காலை அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நானும் வருகிறேன், எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

மேடத்துக்குப் போன் செய்து, குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது, நேரில் சொல்கிறேன், அம்மாவையும் அழைத்து வருகிறேன் என்றேன். ரயில் வேண்டாம் என்று கார் பிடித்தோம். குரோம்பேட்டை நெரிசலில் அரை மணி நேரம் நின்றோம்.

அறைக்குள் போகும் முன் அம்மாவும் கையைக் கழுவினாள். மேடம் இரண்டு படங்களையும் எடுத்து வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் அம்மாவின் காதைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆறு வருஷமாக அவர் இறந்தவளாகவே பார்த்துவந்த பெண் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கிற வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். முகம் வேறு பென்சில் என்று சொன்னேனே மேடம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா தன் முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. பென்சில் படத்தில் இருந்த கைகளைத்தான் பார்த்தாள். தொடாமல், ஒரு விரற்கடை மேலே விரலை வைத்து, வலது மணிக்கட்டுக்கு மேல் இருந்த சிறு கோடுகளைக் காட்டினாள். அது தழும்பு என்றாள். நெல் அவிக்கிற ஆவி பட்டது. நானும் மேடமும் அதை நிழலுக்காகப் போட்ட கோடுகள் என்று நினைத்திருந்தோம்.

"இது அவ கை," என்றாள் அம்மா. "இது அப்படியே அவதான்."

மேடம் நோட்டை எடுத்துக்கொண்டு, ஆவணத்தில் சேர்க்க வேண்டும், அந்த அம்மா பெயர் என்னங்க என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. இப்போ சொல்றேன், இருங்க என்றாள். நாங்கள் காத்திருந்தோம். அம்மாவின் கண் படத்துக்கும் சுவருக்குமாக அலைந்தது. பத்து மாசம் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தோம் என்றாள். அவளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறேன் என்றாள். எக்ஸ்சேஞ்சில் நூற்றுக்கணக்கான நம்பர் மனப்பாடமாகச் சொன்னவள் என் அம்மா. இன்றும் சர்ச்சில் யார் பிறந்தநாள் என்றைக்கு என்று அவளைத்தான் கேட்பார்கள்.

"பேர் வரலையே," என்றாள் என்னைப் பார்த்து. "எனக்கு அவ பேர் வரலையேம்மா."

என் அம்மா அழுது நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அப்பா போனபோது. அதுகூட இப்படி இல்லை. கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாது என்று அவளே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். வார்டில் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பதினாலு, பதினாலு என்றுதான் கூப்பிடுவார்களாம். அம்மாவைப் பதினஞ்சு என்பார்கள். பெயர் தெரியும், நன்றாகவே தெரியும், வாயில் புழங்கியதுதான் இல்லை. நான் எழுந்து போய் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கோபம் எந்த நிமிஷத்தில் போனது என்று தெரியவில்லை.

அப்புறம் அந்த நான்கு வரியை எழுதுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. முகத்துக்காக அமர்ந்தவர் பதினைந்தாம் படுக்கையில் இருந்து குணமாகி வீடு திரும்பியவர், கைகள் பதினான்காம் படுக்கையில் இருந்து இறந்துபோன பெண்ணுடையவை என்று எழுதினேன். உன் பெயரைப் போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் பெயர் இல்லாத இடத்தில் என் பெயர் எதற்கு என்றாள். சரி என்று, கடைசி வரியாக 'அவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"தெரியலைன்னு எழுதாத," என்றாள் அம்மா. "எனக்குத் தெரியும். மறந்துட்டேன்னு எழுது."

அருங்காட்சியகக் குறிப்பில் அப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்று மேடம் தயங்கினார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான்கு நாள் கழித்துச் சம்மதம் வந்தது. 'அவர் பெயரை, உடனிருந்தவர் மறந்துவிட்டார்' என்றே தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டார்கள். பழைய நோயாளிகள் யாராவது இருந்தால் விசாரிப்பதாக மேடம் சொன்னார். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மா இப்போதும் முயற்சி செய்கிறாள். தோசை வார்த்துக்கொண்டிருப்பாள், திடீரென்று ஒரு பெயரைச் சொல்வாள். நான் நிமிர்ந்து பார்ப்பேன். இல்லை, அது இல்லை என்று தோசையைத் திருப்பிப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில், எனக்குக் காசநோய் இருந்தது, பதினாறு மாசம் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் தன் மாமியாரும் அங்கேதான் இருந்தார் என்று பிறகு போனில் சொன்னார். அவரும் யாரிடமும் சொன்னதில்லையாம்.

கண்காட்சி திறந்த அன்று போயிருந்தோம். அம்மா மற்றப் படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே வந்தாள். ஒரு கல்லூரிப் பெண் அந்தக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுக் கைகளைப் பார்க்கக் குனிந்தாள். வெளிச்சத்தை மறைக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, அம்மா ஒரு அடி தள்ளி நின்று அவளுக்கு இடம் விட்டாள்.